திரையில் தெரியாத பந்து

(ஹட்டனில் ஆசிரியர், மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொலைக்காட்சியும் ஹொக்கியும் என்று தலைப்புச் சொன்னதும் ஏற்பாட்டாளர் ஒருவர், "இங்க யாருங்க மாஸ்டர் ஹொக்கி ஆடுறா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஹட்டனில் கிரிக்கெட் ஆடுகிறோம், உதைபந்து ஆடுகிறோம், கரப்பந்து ஆடுகிறோம். ஹொக்கி மட்டையைக் கையில் பிடித்தவர்கள் கையுயர்த்துங்கள் என்றால், மாத்தளையில் படித்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர்கள் ஓரிருவர் உயர்த்தக்கூடும். மாத்தளை என்று குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. இலங்கையில் ஹொக்கிக்குப் பேர்போன ஊர் அதுதான். அது வேறு தேசமல்ல, நம்முடைய மத்திய மாகாணம். கண்டியைத் தாண்டினால் வந்துவிடும். அங்கேயும் தோட்டங்கள் உண்டு, நம் ஆட்கள் உண்டு. அங்கே பாடசாலைப் பிள்ளை ஹொக்கி மட்டையோடு பஸ் ஏறினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே ஏறினால் கொண்டக்டரே "என்ன தம்பி இது?" என்று கேட்பார்.

ஒரே மாகாணத்துக்குள் இந்த இடைவெளி ஏன்? தொலைக்காட்சியால் இதைக் குறைக்க முடியுமா? முடியும் என்று ஒளிபரப்பு உரிமை விற்பவர்கள் அடித்துச் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். மீதிப் பாதி எங்கே இடிக்கிறது என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் நம் கதை. 1979 ஏப்ரல் 13ஆம் திகதி இந்த நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி வந்தது. நாடு முழுவதும் படம் போய்ச் சேர வேண்டுமென்றால் உயரமான மலை வேண்டும். நாட்டிலேயே உயரமானது நம் நுவரெலியாவின் பீதுருதாலகால, 2,524 மீற்றர். அதன் உச்சியில் கோபுரம் எழுந்தது. கொழும்புக்கும் மாத்தறைக்கும் படம் அனுப்பிய மலையின் காலடியில், தோட்டத் தொழிலாளர் லயங்களில் மின்சாரம் இல்லை. பிறகு கறுப்பு வெள்ளைப் பெட்டியும் கார் பற்றரியும் வந்தன. பற்றரியைத் தலையில் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வந்த தலைமுறை இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு லயத்தில் ஒரு பெட்டி இருந்தால் இருபது வீட்டுப் பிள்ளைகள் அந்த ஒரு காம்பிராவில்தான் இருப்பார்கள்.

அந்தப் பெட்டி நம் பிள்ளைகளுக்கு எந்த விளையாட்டைக் கொடுத்தது? 1996 மார்ச் 17, லாகூர். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107. அவுஸ்திரேலியாவை ஏழு விக்கெட்டுகளால் வென்று உலகக் கிண்ணம். அதே அணியில் முத்தையா முரளிதரன். அதற்கு மூன்று மாதத்துக்கு முன்னர்தான் மெல்பேர்னில் அவர் பந்தைக் கையால் எறிகிறார் என்று நடுவர் டெரல் ஹெயார் ஏழு முறை நோபோல் கொடுத்திருந்தார். முரளியின் தாத்தா தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர். கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த பையன். நம் பெயரும் நம் நிறமும் கொண்ட ஒருவர் அந்தச் சின்னத் திரையில் நடுவில் நின்றபோது தோட்டத்துப் பிள்ளைகள் கிரிக்கெட் பார்த்தார்கள் என்று சொன்னால் போதாது. மறுநாள் தென்னை மட்டையைச் செதுக்கி, டென்னிஸ் பந்துக்கு டேப் சுற்றி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் இறங்கினார்கள். மணிக்கட்டை முறுக்கி முறுக்கிப் பந்து போட்டார்கள். 2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டை அவர் எடுத்தபோது இங்கே வெடித்த பட்டாசு உங்களுக்கு நினைவிருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நாம் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. தோட்டத்துக்குப் பெட்டி வந்து சேர்ந்த வருடங்களில் இந்த நாடு எந்த விளையாட்டில் வென்றுகொண்டிருந்ததோ, அந்த விளையாட்டு நம் வீட்டுக்குள் வந்தது. பெட்டி பத்து வருடம் முந்தியோ பிந்தியோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

இந்த விபத்து ஹொக்கிக்கு எவ்வளவு கொடுமையாக நடந்தது என்பதற்கு இந்தியாவைப் பாருங்கள். 1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கம். 1964இல் ஒன்று. 1980இல் மொஸ்கோவில் சென்னைக்காரரான வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் எட்டாவது. இதில் பெரும்பகுதியை இந்திய மக்கள் கண்ணால் பார்க்கவே இல்லை. வானொலியில் கேட்டார்கள், பத்திரிகையில் படித்தார்கள். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகத்தான் இந்தியாவில் வர்ணத் தொலைக்காட்சியே வந்தது. டிசம்பர் 1ஆம் திகதி, டில்லி தேசிய மைதானம், இறுதிப் போட்டி, எதிரணி பாகிஸ்தான். பிரதமர் இந்திரா காந்தி நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். நாடே புதுப் பெட்டிக்கு முன்னால். ஏழுக்கு ஒன்று என்று இந்தியா தோற்றது. கோல்காப்பாளர் மீர் ரஞ்சன் நேகியைத் துரோகி என்றார்கள். பல வருடம் கழித்து 2007இல் வந்த 'சக் தே இந்தியா' என்ற படத்தில் அந்த மனிதர் அனுபவித்த வேதனையின் சாயலைப் பார்க்கலாம், அது வேறு கதை.

ஏழு மாதம் கழித்து, 1983 ஜூன் 25, லோர்ட்ஸ். கபில் தேவ் கையில் கிண்ணம், அதே தொலைக்காட்சியில், நேரடியாக.

ஹொக்கி வென்ற காலத்தில் கமரா இல்லை. கமரா வந்த நாளில் ஹொக்கி தோற்றது. இந்திய ஹொக்கியின் வீழ்ச்சிக்கு நிர்வாகச் சண்டை, செயற்கைத் தளம் என்று காரணங்களை அடுக்குவார்கள், அவையும் உண்மைதான். ஆனாலும் இந்த இரண்டு திகதிகளுக்கு நடுவிலிருந்த ஏழு மாதத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

சரி, ஒரு விளையாட்டைத் தெரியாத ஊரில் கொண்டுபோய்த் தொலைக்காட்சியால் ஊன்ற முடியுமா? இதை மிகப் பெரிய பணம் போட்டுச் சோதித்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடையது ஐஸ் ஹொக்கி. ஹட்டனில் குளிர் உண்டு, ஐஸ் தளம் இல்லை. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் படியும் உறைபனியில் சறுக்கி விழலாம், ஆட முடியாது. ஆகவே அந்த விளையாட்டை நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டு, அதன் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கனடாவில் அது மதம் மாதிரி. அமெரிக்காவின் தெற்குப் பகுதிகளில், பாலைவனத்தில், அப்போது அதை அறிந்தவர் குறைவு. 1988 ஓகஸ்ட் 9ஆம் திகதி கனடாவின் ஒப்பற்ற வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி லொஸ் ஏஞ்சல்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். கனடா அழுதது, கலிபோர்னியா பார்க்கத் தொடங்கியது. ஆனால் புதிதாகப் பார்ப்பவர்களின் முறைப்பாடு ஒன்று: பந்தே தெரியவில்லை! அது பந்துகூட அல்ல, கறுப்பு இறப்பர் வட்டு. வேகமாகப் போகும்போது பழைய டிவியில் எங்கே என்று கண் தேடும். 1996 ஜனவரியில் ஃபொக்ஸ் நிறுவனம் வட்டுக்குள் மின்னணுச் சாதனம் வைத்து, திரையில் அதைச் சுற்றி நீல ஒளி தெரியச் செய்தது. பலமாக அடித்தால் சிவப்பு வால் முளைக்கும். கனடாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் அது கைவிடப்பட்டது.

சிரிக்கலாம், ஆனால் அதே நோய் நம் ஹொக்கிக்கும் உண்டு. பச்சைத் தளத்தில் வெள்ளைப் பந்து திரையில் மங்கித்தான் தெரிந்தது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தளத்தை நீலமாக்கி, ஓரத்தை இளஞ்சிவப்பாக்கி, பந்தை மஞ்சளாக்கினார்கள். 2014 முதல் சர்வதேசப் போட்டிகளில் இரண்டு பாதியாக இருந்த ஆட்டம் 15 நிமிடக் கால்பகுதிகள் நான்காக உடைந்தது. விளம்பரத்துக்கு இடைவெளி வேண்டாமா? ஒரு விளையாட்டு கமராவுக்காகத் தன் உடையை மாற்றிக்கொள்ளும், நேரத்தை மாற்றிக்கொள்ளும். அதில் பெரிய பாவம் இல்லை. தரையை மாற்றியதுதான் விவகாரம். அதற்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்கப் பாலைவனத்தில் ஒளிரும் வட்டு செய்யாததை எது செய்தது? அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகருக்கு 1996இல் ஓர் அணி குடிபெயர்ந்தது. அங்கே வளர்ந்த ஓஸ்டன் மத்தியூஸ் என்ற பையன், 2016இல் ஐஸ் ஹொக்கி லீக்கின் புதிய வீரர் தெரிவில் முதலாவது ஆளாக டொரொன்டோவுக்குத் தெரிவானான். திரைக்கு வெளியே, வீட்டுக்கு எட்டிய தூரத்தில், கால் வைக்க ஓர் ஐஸ் தளம் அவனுக்கு இருந்தது. பீனிக்ஸ் அணி 2024இல் ஊரைவிட்டே போய்விட்டது. பையன் மட்டும் தங்கிவிட்டான், விளையாட்டில்.

கனடாவிலிருந்து இன்னொரு செய்தி. இது நம்மை மிக நெருங்கியது. சனிக்கிழமை இரவு ஐஸ் ஹொக்கி ஒளிபரப்பு அங்கே பல தலைமுறைப் பழக்கம். 2008இல் அதைப் பஞ்சாபி மொழியிலும் தொடங்கினார்கள். ஹர்நாராயண் சிங் என்பவர் வர்ணனை. பஞ்சாப் கிராமத்திலிருந்து வந்த பாட்டி, ஐஸ் என்றால் சர்பத்தில் போடுவது என்று மட்டும் தெரிந்தவர், பேரனோடு உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். 2016 இறுதிச் சுற்றில் பிட்ஸ்பர்க் அணியின் நிக் போனினோ கோல் அடித்தபோது ஹர்நாராயண் அந்தப் பெயரையே ராகம் போட்டு மூச்சுவிடாமல் கூவியது உலகம் முழுக்கப் பரவியது. வென்ற பிட்ஸ்பர்க் அணி பஞ்சாபி வர்ணனையாளர்களைத் தன் வெற்றி விழாவுக்கே அழைத்தது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இது: பெரிய இறுதிப் போட்டி ஒன்று ஒரு மாதப் பேச்சுக்குத்தான் ஆகும். ஒரு ஊரைப் பிடிப்பது கிழமைதோறும், ஒரே நேரத்தில், சொந்த மொழியில் வரும் ஒளிபரப்பு. சென்னை வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் கிரிக்கெட் சொன்ன காலத்தை நினைத்துப் பாருங்கள். படமே இல்லை. மொழி இருந்தது, அது போதுமாக இருந்தது. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் அலைவரிசை வந்தபின், லயத்துக் கூரைகளில் டிஷ் வைத்திருந்தவர்கள் வீட்டில் ஐபிஎல்லோடு கபடியும் நுழைந்தது. கபடி நமக்குத் தெரியாததா? சடுகுடு என்று தோட்டத்துத் திருவிழாக்களில் ஆடியதுதானே. பொங்கலுக்கு மட்டும் ஞாபகம் வரும் ஆட்டமாகச் சுருங்கியிருந்தது. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கி, பாய் விரித்து, விளக்குப் போட்டு, 30 விநாடிக் கடிகாரம் வைத்துக் காட்டியபோது அதே ஆட்டத்துக்குப் புது மரியாதை வந்தது. ஏற்கெனவே நம் காலில் இருந்த ஆட்டம், தமிழில் வந்ததால் மறுபடி எழுந்தது. ஹொக்கி நம் கையில் இருந்ததில்லை. அங்கேதான் இடிக்கிறது.

இனி நான் உங்களை இந்தியாவின் ஜார்க்கண்டுக்கும் ஒடிசாவுக்கும் அழைத்துப்போகப் போகிறேன். அவசரப்படாமல் வாருங்கள்.

சிம்டேகா, சுந்தர்கர் என்று இரண்டு மாவட்டங்கள். முண்டா, ஒராவோன், காரியா என்னும் ஆதிவாசி மக்களின் நிலம், சோட்டா நாக்பூர் பீடபூமி. இந்தப் பெயர் தேயிலைக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் முன்னோரைத் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைக்குக் கொண்டுவந்ததுபோல, அசாம் தேயிலைக்கும் டுவார்ஸ் தேயிலைக்கும் ஆள் பிடித்துப் போனது அந்தப் பீடபூமியிலிருந்துதான். அங்கே சர்தார், இங்கே கங்காணி. அதே பிரட்டு, அதே லயம். சொந்தமில்லாத சொந்தக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த மண்ணில் ஹொக்கியை ஊன்றியது தொலைக்காட்சி அல்ல. மிஷன் பாடசாலைகள். 1928இல் அம்ஸ்டர்டாமில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வென்ற அணியின் தலைவர் ஜெய்பால் சிங் முண்டா அந்த மண்ணின் பிள்ளை. பிள்ளைகள் மூங்கிலையும் வளைந்த கிளையையும் மட்டையாக்கி, வயலை அறுவடை செய்தபின் அதிலேயே ஆடினார்கள். கிராமங்களுக்கிடையில் போட்டி. பரிசு? கிண்ணமல்ல, ஆடு. வென்ற அணி ஆட்டைக் கொண்டுபோய் அன்றைக்கே சமைத்து ஊரோடு சாப்பிடும். 'கஸ்ஸி' போட்டி என்று அதற்குப் பெயர். எனக்குத் தெரிந்து உலகில் இதைவிடச் சிறந்த பரிசு எந்த விளையாட்டிலும் இல்லை. வெள்ளிக் கேடயத்தைக் குழம்பு வைக்க முடியாது.

சுந்தர்கர் மாவட்டத்தின் சௌனாமாரா என்ற ஒரே கிராமத்திலிருந்து இந்திய அணிக்குத் தொடர்ந்து ஆட்கள் வந்தார்கள். இந்திய அணித் தலைவராக இருந்த திலீப் திர்கி அந்த ஊர்க்காரர். 2021 ஓகஸ்டில் டோக்கியோவில் இந்தியப் பெண்கள் அணி அவுஸ்திரேலியாவை 1–0 என்று வென்று அரையிறுதிக்குப் போனது நினைவிருக்கும். அந்த அணியில் ஆடிய சலிமா தேத்தே சிம்டேகாக்காரி. அவர் ஆடுவதை வீட்டார் பார்ப்பதற்காக மாவட்ட நிர்வாகம் அந்த வீட்டுக்கு டிவி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. திரையில் மகள் வந்த பிறகுதான் வீட்டுக்குத் திரை வந்தது!

இப்போது சொல்லுங்கள், ஹொக்கி ஊர் என்பது எப்படி உண்டாகிறது?

இதற்கு எதிர்வாதம் உண்டு, மறைக்க மாட்டேன். ஒடிசா அரசு 2018 முதல் இந்திய அணிகளுக்குப் பணம் கொடுத்து, 2018இலும் 2023இலும் உலகக் கிண்ணம் நடத்தி, அதே சுந்தர்கரின் ரூர்கேலாவில் 20,000 பேர் அமரும் பிர்சா முண்டா அரங்கைக் கட்டி, கமராக்களை அங்கே வரவழைத்தது. அதன் பிறகு ஹொக்கிக்குக் கிடைத்த கவனம் முன்பில்லாதது. உண்மை. ஆனால் கமரா அங்கே போனபோது காட்டுவதற்கு ஏற்கெனவே நூறு வருட ஹொக்கி இருந்தது. தமிழ்நாட்டில் கோவில்பட்டியும் அப்படித்தான். தொலைக்காட்சி வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே கரிசல் மண்ணில் மட்டை பிடித்த ஊர். 2019இல் 'நட்பே துணை' என்று ஹொக்கியை வைத்துத் தமிழ்ப் படம் வந்தது. நம் பிள்ளைகளில் பலர் முழுதாகப் பார்த்த முதல் ஹொக்கி ஆட்டம் அதுதான் என்று பந்தயம் கட்டுவேன். படம் பார்த்து மட்டை தேடிய பையன் இந்த ஹட்டன் டவுனில் எந்தக் கடையில் வாங்கியிருப்பான்?

தரை விவகாரத்துக்கு வருகிறேன் என்றேன். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் முதன்முதல் செயற்கைத் தளத்தில் ஹொக்கி ஆடினார்கள். இந்தியா ஏழாவது இடம். செயற்கைத் தளத்தில் பந்து துள்ளாது, வேகமாக ஓடும், கமராவுக்கு அழகு. ஆனால் அதைப் போட ஏராளமான பணம் வேண்டும், ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், சமதரை வேண்டும். திரையில் பார்க்கிற ஆட்டத்துக்கும் பையன் ஆடக்கூடிய ஆட்டத்துக்கும் நடுவில் ஒரு சுவர் எழுந்தது. கிரிக்கெட்டில் அந்தச் சுவர் இல்லை. லோர்ட்ஸ் மைதானத்தைப் பார்த்துவிட்டு பிரட்டுக்களத்தில் ஆடலாம், இரண்டும் கிரிக்கெட்தான். நீல ஹொக்கித் தளத்தைப் பார்த்துவிட்டுக் கொழுந்து மலைச் சரிவில் என்ன செய்வது? பந்து உருண்டு அடுத்த டிவிசனுக்குப் போய்விடும்.

நம் மலையில் சமதரை என்பது தங்கம். இருந்த சமதரையில் அந்தக் காலத்துத் துரைமார் டரவெல்லையிலும் ரதெல்லையிலும் கிளப் கட்டிக் கிரிக்கெட்டும் ரக்பியும் ஆடினார்கள். நமக்குக் கிடைத்த துண்டு நிலத்தில் கரப்பந்து ஆடினோம். கரப்பந்துக்குத் தொலைக்காட்சி என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. 1991இல் அதைத் தேசிய விளையாட்டு என்று அறிவித்தார்கள், அவ்வளவுதான். என்றாலும் மஸ்கெலியாவில், பொகவந்தலாவையில், சாயந்தரம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் கோவில் முற்றத்திலோ பிரட்டுக்களத்திலோ வலை கட்டியிருக்கும். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து. ஹொக்கிக்காக வாதாடுகிறவர்கள் முதலில் கரப்பந்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நோர்வூட்டில் சௌமியமூர்த்தி தொண்டமான் பேரில் நமக்கு ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. உலகத் தொலைக்காட்சிகள் அதைக் காட்டியது 2017 மே 12ஆம் திகதி, இந்தியப் பிரதமர் மோடி பேச வந்தபோது. அங்கே எத்தனை ஆட்டம் நடந்திருக்கிறது, எந்தக் கமரா வந்தது? இலங்கையில் பாடசாலை ரக்பியை நேரடியாகக் காட்டுகிறார்கள். மாத்தளைப் பாடசாலைகளின் ஹொக்கியை வேலையற்ற ஒரு பிற்பகலில்கூடக் காட்டுவதாகத் தெரியவில்லை. வலைப்பந்தாட்டத்தில் யாழ்ப்பாணத்து நெடிய வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைத் திரையில் கண்ட பிறகு எத்தனை தமிழ்ப் பாடசாலைகளில் உயரமான பிள்ளைகள் கூனாமல் நடக்கத் தொடங்கினார்கள் என்று ஆசிரியைகளிடம் கேளுங்கள். ஹொக்கியில் அப்படி ஒரு முகம் மாத்தளையில் இப்போதே ஆடிக்கொண்டிருக்கலாம். நமக்குத் தெரியாது, ஏனென்றால் காட்டவில்லை.

இனி, செய்யக்கூடியது. பெரிய அலைவரிசைகளுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். ஹொக்கி ஃபைவ்ஸ் என்று ஐவர் ஆட்டம் வந்திருக்கிறது. முழு ஹொக்கித் தளத்தின் பாதிக்கும் குறைவான இடம் போதும். 2024 ஜனவரியில் ஓமானில் அதற்கு முதல் உலகக் கிண்ணமே நடந்தது. ஐந்து பேர், சின்ன இடம், ஓரத்தில் பலகைத் தடுப்பு. பந்து சரிவில் ஓடாது! மலைநாட்டுக்காகவே யாரோ கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது, அப்படி இல்லையென்றாலும்.

இந்த டவுனில் டன்பார் மைதானம் இருக்கிறது. மாத்தளையிலிருந்து ஒரு பாடசாலை ஆண்கள் அணியையும் ஒரு பெண்கள் அணியையும் அழைப்போம். பழைய மட்டைகளை அவர்கள் கொண்டுவரட்டும். காலையில் நம் பிள்ளைகளுக்குப் பழக்கட்டும், பின்னேரம் ஐவர் ஆட்டம் ஆடட்டும். ஒரு கைத்தொலைபேசியைக் கம்பத்தில் கட்டி நேரடியாக ஒளிபரப்புவோம். வர்ணனையை வானொலிக் குரலில் செந்தமிழில் வேண்டாம், நம் தோட்டத்துத் தமிழில் ஒரு மாணவனும் ஒரு மாணவியும் செய்யட்டும். ஒரு நாளோடு விடாமல், மாதம் ஒரு சனிக்கிழமை, அதே நேரம். பஞ்சாபிக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். பரிசுக்கு ஆடு கிடைக்குமா என்பதை ஏற்பாட்டுக் குழு யோசிக்கட்டும். சைவ அணி வென்றால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து.

உடற்கல்வி ஆசிரியர்கள் எட்டுப் பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பஸ் வாடகை, பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மைதான அனுமதி, இந்த மூன்றுக்கும் யார் பொறுப்பு என்பதை நீங்கள் இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் பேசி முடித்தால் நல்லது. மாத்தளைக்குப் பேசும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். பின்வரிசைப் பிள்ளைகள் முதலில்.